வயிற்றுப் பூச்சியை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றரை வயதுக் குழந்தையின் மலத்தில் கண்டெடுத்ததாகச் சொல்லி, ஒரு தாய் நாங்கள் வேலை பார்த்த ஆய்வகத்துக்குச் சிறு புட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். அதில் மயிர் போன்ற கறுப்பு இழைகள் நான்கைந்து கிடந்தன. நுண்ணோக்கியில் வைத்தபோது தெரிந்தவை புழுவின் உடற்சுவரோ குடலோ அல்ல. தாவரத்துக்கே உரிய தடித்த செல் சுவர்கள். முந்தைய நாள் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டோம், வாழைப்பழம் என்றார். பழத்தின் நடுவே ஓடும் மெல்லிய நார் செரிக்காமல் கறுத்து வெளியேறுவது வழக்கம். அதற்குள் அந்தக் குழந்தைக்குப் பூச்சி மருந்து இரண்டு முறை கொடுத்தாகிவிட்டது.

தக்காளித் தோல், கீரை நரம்பு, திரண்ட சளி ஆகியவையும் இப்படியே ஏமாற்றும். கழிவறைத் தரையில் ஊர்ந்த மண்புழுவை நாக்குப்பூச்சி என்று எடுத்து வருபவர்களும் உண்டு. மண்புழுவின் உடலில் வளையம் வளையமாகக் கோடுகள் ஓடும். நாக்குப்பூச்சி எனப்படும் உருளைப்புழுவோ வெளிறிய, வழவழப்பான உடலோடு இரு முனையும் கூர்ந்து, 15 முதல் 35 செ.மீ. வரை நீண்டிருக்கும். ஐயம் வந்தால் தூக்கி எறியாமல் சுத்தமான புட்டியில் போட்டுக் கொண்டு வருவதே நல்லது, வாழைப்பழ நாராகவே இருந்தாலும்.

முகத்தில் வெளிறிய திட்டு தோன்றினால் பூச்சி, இரவில் பல்லைக் கடித்தால் பூச்சி, இனிப்பு தின்றால் பூச்சி என்ற நம்பிக்கைகள் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளன. முகத்திட்டு பெரும்பாலும் வறண்ட தோலில் வரும் ஒரு தோல் மாற்றம். பல் கடிப்பதற்கும் புழுவுக்கும் உறுதியான தொடர்பு இல்லை. சர்க்கரையிலிருந்து எந்தப் புழுவும் பிறப்பதில்லை. முட்டையோ இளம்புழுவோ உடலுக்குள் நுழையாமல் தொற்று ஏற்பட வழியே கிடையாது.

இதற்கு நேரெதிரான தவறு, மலத்தில் ஒன்றும் தென்படவில்லை என்பதால் புழுவே இல்லை என்று முடிவு கட்டுவது. கீரிப்பூச்சியில்தான் இது மிகுதியாக நடக்கிறது. வெண்ணூல் துண்டு போன்று ஏறத்தாழ 1 செ.மீ. நீளமுள்ள இதன் பெண்புழு, குழந்தை உறங்கிய பிறகு ஆசனவாயை விட்டு வெளியே வந்து சுற்றியுள்ள தோல் மடிப்புகளில் முட்டையிட்டுச் செல்கிறது. ஆகவே மலப் பரிசோதனையில் அதன் முட்டை அகப்படுவது அரிது. காலையில் எழுந்தவுடன், கழுவுவதற்கும் குளிப்பதற்கும் முன்பாக, ஒளி ஊடுருவும் செல்லோ டேப்பின் பசைப் பக்கத்தை அந்த இடத்தில் ஒற்றியெடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தர வேண்டும். ஒரே நாளில் கிடைக்காமல் போகலாம் என்பதால் தொடர்ந்து மூன்று காலைகள் எடுப்பது வழக்கம். குளிப்பாட்டிப் பவுடர் பூசி, புதுச் சட்டை போட்டு அழைத்து வரும் அன்பு இந்தப் பரிசோதனைக்கு மட்டும் ஆகாது. தொற்று உறுதியானால் அரிப்புள்ள குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்து நிறுத்திவிடுவதும் தவறுதான்: முட்டைகள் சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலையை அடைந்து நகக்கண்ணிலும் படுக்கை விரிப்பிலும் தங்குவதால், வீட்டார் அனைவருக்கும் மருத்துவர் மருந்து எழுதி, இரண்டு வாரம் கழித்து மறுவேளையும் கொடுக்கச் சொல்வார். வீட்டு நாயையும் பூனையையும் குறை சொல்ல வேண்டாம். கீரிப்பூச்சி மனிதரிடமிருந்தே மனிதருக்கு வருகிறது.

உருளைப்புழு தொற்றிய முதல் வாரங்களில் அதன் இளம்புழுக்கள் நுரையீரல் வழியாகப் பயணம் செய்வதால் இருமல் வரலாம். முட்டை மலத்தில் தென்பட இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்பதால், அப்போது செய்யும் மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதை முழுமையாக நம்ப முடியாது.

கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிப்பது. மலத்தில் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். அதன் இளம்புழு மண்ணிலிருந்து பாதத் தோல் வழியே நுழைவதால், வெறுங்காலோடு வயலில் நடப்பவருக்குக் காரணம் தெரியாத இரத்தசோகை இருந்தால், இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்தாமல் மலத்தையும் சோதிக்க வேண்டும். ஆய்வகத்தார் பக்கமும் இங்கே ஒரு தவறு நேர்கிறது. முதல் நாள் மாலை எடுத்த மலத்தை மறுநாள் மாலையில் பார்த்தால், கொக்கிப்புழு முட்டைகள் பொரிந்து இளம்புழுக்களாகியிருக்கும். ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்ற இன்னொரு புழுவோ புது மலத்திலேயே இளம்புழுவாகத்தான் வெளிப்படும். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் விளைவு சிறிதல்ல. ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ், ஒரே ஒரு வேளை கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்துக்கு அடங்காது, உடலுக்குள்ளேயே பெருகிப் பல ஆண்டுகள் தங்கும், அது தெரியாமல், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டால் பெருகிப் பரவி உயிருக்கே ஆபத்தாகும். மாதிரியை நீரோ சிறுநீரோ கலக்காமல், எடுத்த நேரத்தைப் புட்டியில் எழுதிச் சீக்கிரம் ஒப்படைப்பதை வலியுறுத்துவது இதனால்தான்.

பள்ளியில் மாத்திரை போட்டாகிவிட்டதே என்று பெற்றோர் சொல்வதையும் கேட்கிறோம். 2015 முதல் நடைபெறும் தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குத் தரப்படும் அல்பெண்டசோல் பயனுள்ளதே. ஆனால் பெருங்குடலில் தங்கும் சாட்டைப்புழுவை அந்த ஒரு வேளை மருந்து பல நேரங்களில் முழுமையாக அகற்றுவதில்லை. நீங்கிய புழுவும் மண்ணிலிருந்து மீண்டும் தொற்றலாம்.

நாடாப்புழுவில் தவறான நம்பிக்கை வேறு விதமானது. பன்றி இறைச்சி உண்ணாத வீட்டில் அது எப்படி வரும் என்று கேட்பார்கள். குடலில் வளரும் பன்றி நாடாப்புழு, சரியாக வேகாத இறைச்சியால் வருவது உண்மை. ஆனால் மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும் நோய் அதன் முட்டையை விழுங்குவதால் வருகிறது. அந்த முட்டை, புழு உள்ள ஒருவரின் கை வழியாகவோ அசுத்தமான நீர் வழியாகவோ பச்சைக் காய்கறி வழியாகவோ சுத்த சைவருக்கும் சேரக்கூடும். வலிப்பு வரும் ஒருவருக்குத் தலை ஸ்கேன் எடுக்காமல் வீட்டாரே பூச்சி மாத்திரை கொடுப்பது ஆபத்தானது. மருந்தால் கட்டிகள் சிதையும்போது மூளையில் வீக்கம் ஏற்பட்டு வலிப்பு கூடலாம்.

பன்றி நாடாப்புழுவின் முட்டையும் மாட்டு நாடாப்புழுவின் முட்டையும் நுண்ணோக்கியில் ஒன்று போலவே இருப்பதால், முட்டையை மட்டும் பார்த்து எந்தப் புழு என்று எழுதுவதும் தவறு. நாடாப்புழுவின் உடற்துண்டு போன்ற தட்டையான வெள்ளைத் துண்டு எதுவும் மலத்தோடு வந்தால் கையுறையோடு எடுத்து உப்புநீரில் போட்டுக் கொண்டு வர வேண்டும். அந்தத் துண்டுக்குள் மையைச் செலுத்திக் கருப்பையின் கிளைகளை ஒரு பக்கமாக எண்ணி, 13-க்குக் குறைவாக இருந்தால் பன்றி நாடாப்புழு என்றும், அதற்கு மேல் இருந்தால் மாட்டு நாடாப்புழு என்றும், சரியாக 13 என்று வந்தால் இன்னொரு துண்டு தேவை என்றும் ஆய்வகத்தார் சொல்வார்கள்.