ஊட்டியின் உறைபனிக் காலத்தை அனுபவிப்பது எப்படி

மே மாதம் ஊட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முன்னால் நிற்கும் வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து, அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டவள் நான். என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் வாருங்கள் என்பேன். குளிருமே என்று இழுப்பார்கள். குளிரத்தான் செய்யும். ஆனால் விடிகாலையில் பூஜ்ஜியத்தை எட்டிப் பார்க்கும் வெப்பநிலை, பகலில் இருபது டிகிரி வரை ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்தபடி நாளைப் பிரித்துக்கொண்டால் போதும். மதுரையிலிருந்து என் நாத்தனார் குடும்பம் வரும்போதெல்லாம் நான் சொல்வது இதுதான்: விடியலில் பள்ளத்துக்குப் போங்கள், முற்பகலில் வெயிலில் இருங்கள், இருட்டியதும் காதைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பாருங்கள்.

எப்போது வருவது

டிசம்பர் முதல் பாதியை நம்ப முடியாது. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில்தான் வலுவாகப் பெய்யும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் ரத்தாவதும் அந்த நாட்களில்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறைகளில் கூட்டம் மே மாதத்துக்குக் குறைவிருக்காது. பொங்கல் கழிந்த பிறகு வரும் வாரநாட்களே என் தேர்வு. வானம் தெளிந்திருக்கும், அறை வாடகையும் பேசிக் குறைக்கும் நிலையில் இருக்கும்.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை என்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். ஃபிளாஸ்க் இருந்தால் இன்னும் நல்லது. விடிகாலையில் அதன் அருமை தெரியும்.

உடை விஷயத்தில் சமவெளிக்காரர்கள் எல்லோரும் செய்வது, தடிமனான ஒரே ஸ்வெட்டரை வாங்கி மாட்டிக்கொள்வது. பத்து மணிக்கு அதற்குள் வியர்க்கும், கழற்றினால் நடுங்கும். மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு போட்டுக்கொண்டால் வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காதை மூடும் குல்லாய், காலுறை, கையுறை மூன்றையும் விட்டுவிடாதீர்கள். உதட்டுக்கு வாசலைன் வேண்டும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிவிடும். வெந்நீரில் நிறுத்தி வைத்தால் இளகும். இன்னொன்று, இந்த உயரத்தில் நடுப்பகல் வெயில் சுடாதது போலத் தோன்றினாலும் தோலைக் கருக்கிவிடும். ஊட்டிக்குப் போய்க் கறுத்துத் திரும்பினேன் என்று என் நாத்தனார் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

உறைபனியைப் பார்க்க

இதற்காகத்தான் குளிர்காலத்தில் வர வேண்டும். ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் தவறான திசையில் போகிறார்கள். உயரம் கூடினால் குளிரும் கூடும் என்று எண்ணி விடிகாலையில் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா பக்கம் வண்டியை விடுகிறார்கள். உறைபனி விழுவது உச்சியைவிடப் பள்ளங்களில்தான் அதிகம். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. விடியும் முன் அங்கே புல் வெள்ளையாகிவிடும், அதே நேரத்தில் மேட்டில் இருக்கும் வீட்டு முற்றம் வெறும் ஈரமாக இருக்கும்.

நகருக்குள்ளேயே காந்தள், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்வெளி ஆகிய இடங்களில் உறைபனி விழும். கூடலூர் சாலையில் தலைகுந்தா இதற்குப் பேர் போன இடம். சாலையோரப் புல்வெளியில் நின்று பார்த்தாலே போதும். காட்டுக்குள் இறங்கத் தேவையில்லை, இறங்கவும் கூடாது. இன்னும் தள்ளி அவலாஞ்சியில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகும். ஆனால் அது வனத்துறையின் பகுதி. பகலில் அவர்களுடைய வாகனத்தில் போய் ஏரியையும் சோலைக் காட்டையும் பார்த்து வரும் இடம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு உறைபனி இருக்குமா என்பதை முந்தைய இரவே சொல்லிவிடலாம். ஒன்பது மணிக்கு வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரங்கள் கூர்மையாகத் தெரிந்து, இலை அசையாமல் இருந்தால் அலாரத்தை ஐந்தரைக்கு வையுங்கள். மேகம் மூடியிருந்தாலோ காற்று வீசினாலோ நிம்மதியாகத் தூங்குங்கள். மேகம் போர்வையாகிவிடும், காற்று அடுக்குகளைக் கலக்கிவிடும். இரண்டில் எது இருந்தாலும் உறைபனி விழாது. ஜனவரியில் சூரியன் வர ஆறே முக்கால் ஆகும். ஆறேகாலுக்குப் போய்ச் சேர்ந்தால் முழு வெள்ளையையும் பார்க்கலாம். சூரியன் வந்து அரை மணி நேரத்தில் அது கரையத் தொடங்கிவிடும், அப்போது புல்லிலிருந்து ஆவி எழும். என்னைப் பொறுத்தவரை அந்த அரை மணி நேரம்தான் உச்சம், அதற்குள் படமெடுத்து முடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். படம் எடுப்பதானால் குந்தி உட்கார்ந்து, சூரியனை எதிரே வைத்து, புல் மட்டத்திலிருந்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் சுண்ணாம்புத் தூள் கொட்டிய தரையாகத்தான் விழும்.

குழந்தைகள் கார் கூரையிலிருந்தும் பைக் இருக்கையிலிருந்தும் பனியைச் சுரண்டி விளையாடுவார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பனிமனிதன் செய்யும் அளவுக்கு இங்கே விழாது. முன்கண்ணாடியில் படிந்த பனியைப் போக்கக் கொதிநீரை ஊற்ற வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும், அல்லது பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிவிடலாம்.

கேரட், முட்டைக்கோஸ் தோட்டங்களுக்குள் கால் வைக்காதீர்கள். உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும் உறைபனிதான் அவர்கள் பயிரையும் தேயிலைக் கொழுந்தையும் கருக்குகிறது. விடிகாலையில் அவர்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பதும் அதனால்தான். காட்டுமாடுகளும் அந்த நேரத்தில் நடமாடும். சாதுவாக மேய்வதைப் பார்த்து நெருங்க வேண்டாம். ஒன்று நிமிர்ந்து உங்களையே பார்த்தால் நின்ற இடத்திலிருந்து பின்வாங்குங்கள், ஹாரன் அடிக்காதீர்கள்.

வெயில் நேரம்

காலை உணவு முடித்துப் பத்து மணிக்குத் தாவரவியல் பூங்கா. 1848இல் தொடங்கி, மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் உருவாக்கிய பூங்கா. மலர்க் கண்காட்சி நேரத்தில் இங்கே பூக்களைவிடத் தலைகள் அதிகம். குளிர்காலத்தில் தோட்டக்காரர்கள் செய்யும் வேலையைப் பார்க்கலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். இளஞ்செடிகளின் மேல் மிலார் செடிகளைக் கவிழ்த்து உறைபனியிலிருந்து காப்பாற்றுவார்கள். காலையில் புல்வெளியில் தண்ணீர் பாய்ச்சிப் பனியைக் கரைப்பார்கள். மே மாதக் கண்காட்சிக்கான நாற்று வேலையும் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். கல்லாகிப்போன 2 கோடி ஆண்டு மரத்தண்டு ஒன்றும் இங்கே இருக்கிறது, அதன் பக்கத்தில் வெயில் நன்றாக விழும்.

ரோஜா பூங்காவுக்கு இந்தச் சமயத்தில் டிக்கெட் எடுக்காதீர்கள். ஜனவரி வாக்கில் கவாத்து செய்துவிடுவார்கள். குச்சிகளைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். படகு இல்லத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. குழந்தைகள் எப்படியும் உங்களை அங்கே இழுத்துக்கொண்டு போவார்கள்.

பறவை பார்க்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு இது அறுவடைக் காலம். அவலாஞ்சி சாலையில் நகரை ஒட்டியிருக்கும் கேர்ன்ஹில் காட்டுக்குப் போங்கள். நீலகிரிச் சிரிப்பானின் கூச்சல் முதலில் கேட்கும், பிறகு ஆள் தெரியும். நீலகிரி ஈப்பிடிப்பான் போன்ற உள்ளூர்க்காரர்களோடு, காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்னும் விருந்தாளியும் இமயத்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க இந்த மலைகளுக்கு வருகிறது. அங்கே குளிர் தாங்காமல் இங்கே வருகிற பறவையைப் பார்த்தால் நம் நடுக்கம் கொஞ்சம் குறையும். சோலை ஓரங்களில் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்திருப்பதும் இந்த மாதங்களில்தான்.

தொட்டபெட்டாவுக்குப் போக ஆசையென்றால் பதினொரு மணிக்குப் போங்கள். குளிர்காலத்துக் காற்று தெளிவாக இருப்பதால் அப்போது தொலைவு துலங்கும்.

ஒரு பகலை மலை ரயிலுக்கு ஒதுக்குங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதையில், நீராவி இன்ஜின் ஏறும் பகுதிதான் புகழ் பெற்றது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை, 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அந்த டிக்கெட்டை வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். கிடைக்கவில்லையா, விட்டுத்தள்ளுங்கள். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை ஒரு மணி நேரப் பயணம் இருக்கிறது. டீசல் இன்ஜின்தான், ஆனால் லவ்டேல் தாண்டிக் கேத்திப் பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில் யாரும் இன்ஜினைப் பற்றி யோசிப்பதில்லை. குன்னூர் ஊட்டியைவிடத் தாழ்வு, சற்று வெதுவெதுப்பாக இருக்கும். 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவில் மதியத்தைக் கழித்துவிட்டு பஸ்ஸில் திரும்பிவிடலாம்.

டிசம்பர், ஜனவரி மாதங்கள் இந்த மலை மக்களின் பண்டிகைக் காலமும்கூட. படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில், கோத்தகிரி அருகே பேரகணிக்கு மக்கள் வெள்ளை உடுத்து ஊர்வலமாக வருவார்கள். முத்தநாடு மந்து என்னும் தங்கள் குடியிருப்பில் தோடர்கள் மொர்பர்த் பண்டிகை கொண்டாடுவார்கள். இளைஞர்கள் பெருங்கல்லைத் தூக்குவது அன்றைக்குத்தான். இரண்டும் வழிபாடுகள். சுற்றுலாக் காட்சி என்று எண்ணிக் கேமராவோடு நுழையாமல், வரலாமா என்று கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். சால்வை வாங்குவதானால் தோடர் பூவேலை செய்த வெள்ளைச் சால்வையை அவர்களிடமே வாங்குங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. சிவப்பும் கறுப்புமாக நூல் எண்ணித் தைப்பதற்கு ஆகும் நாட்களை நினைத்துப் பார்த்தால் பேரம் பேச மனம் வராது.

இருட்டிய பிறகு

ஐந்தரைக்கே குளிர் இறங்கிவிடும். அதற்குள் ஒரு டீக்கடையில் வர்க்கி என்னும் மொறுமொறு பிஸ்கட்டோடு உட்கார்ந்துவிட வேண்டும். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுக்கடுக்காக உடைய வேண்டும், டீயில் முக்கினால் உடனே கரையக் கூடாது. நல்ல தேயிலை வாங்க நினைத்தால் குளிர்காலத்தில் பறித்த இலைத் தூள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடும். பால் சேர்த்தால் அந்த மணம் போய்விடும்.

அறைக்குள் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அடுப்புக்கரியை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கக் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போன செய்திகளை இங்கே உள்ளூர்ப் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். கூடுதல் கம்பளி கேளுங்கள், வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள், மின் ஹீட்டரைத் தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். திறந்த வெளியில் நீங்களாகத் தீ மூட்டுவதும் வேண்டாம். உறைபனியில் காய்ந்த புல் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும், காட்டுத்தீயின் பாதிக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் மொட்டை மாடிக்கோ முற்றத்துக்கோ போங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கண் பழகும்வரை காத்திருங்கள். மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தைப் பிடித்தால் மற்றவை எளிது. அதை ஒட்டிச் செம்மையாகத் தெரிவது திருவாதிரை. இன்னொரு பக்கம் தள்ளிக் கொத்தாக இருப்பது கார்த்திகை; எத்தனை எண்ண முடிகிறது என்று குழந்தைகளுக்குப் போட்டி வையுங்கள். தெற்கே தாழ்வாக, தனியாக மின்னுவது அகத்தியர் நட்சத்திரம். இந்த மலையில் வானத்தைப் பார்க்கும் வேலை விஞ்ஞானிகளுக்கும் உண்டு. முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 1970இலிருந்து மலைச்சரிவில் படுத்திருக்கிறது. அந்தச் சரிவின் சாய்வு ஊட்டியின் அட்சரேகையான 11 டிகிரியோடு ஒத்துப்போகிறது. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அதைச் சுழற்றினாலே ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். சரியான சரிவைத் தேடிப்பிடித்துக் கருவியை அதன் மேல் கிடத்திய அந்த யோசனையை நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன். அது ஆய்வுக்கூடம்; சுற்றுலாத்தலம் என்று நினைத்து வாசலில் வண்டியை நிறுத்திவிடாதீர்கள்.

திரும்பும் நாளில் காலை அவசரம் வேண்டாம். மூடுபனி விலகிய பிறகு கிளம்பி, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் கருகிய வாடை வரும். கல்லாறு நெருங்கும்போது வியர்க்கத் தொடங்கும் என்பதால் மாற்றுச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள்.