ஸ்மார்ட் லாக் திடீரென்று நின்றுவிட்டால்

வீட்டில் இருக்கும்போது அம்மாவின் ஆண்ட்ராய்டு போன் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஸ்மார்ட் லாக் போட்டு வைத்திருந்தேன். திடீரென்று எடுத்ததற்கெல்லாம் பின் நம்பர் கேட்கத் தொடங்கிவிட்டது. "கையெல்லாம் மாவு, இப்போ போய் நம்பர் கேக்குதுடா" என்று ஒரே புலம்பல்.

செட்டிங்ஸில் அந்தப் பெயரே இல்லையென்றால் பயப்படாதீர்கள், பல போன்களில் இப்போது அது 'எக்ஸ்டெண்ட் அன்லாக்'. அப்புறம், கோளாறுதானா என்று பாருங்கள். 4 மணி நேரம் தொடாமல் கிடந்தாலும், ரீஸ்டார்ட் ஆனாலும் பின் கேட்கத்தான் செய்யும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த வசதி பூட்டைத் திறப்பதில்லை; நீங்கள் திறந்ததைப் பூட்டாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான்.

அதுவும் இல்லையென்றால் லொகேஷனைப் பாருங்கள். அம்மா போனில் லொகேஷனைக் கட்டுப்படுத்தக்கூடிய பேட்டரி சேவர் ஆனில் இருந்தது. அதை அணைத்து, இடத்தைத் துல்லியமாகக் காட்டும் லொகேஷன் அக்யூரஸியை ஆன் செய்து, வீட்டு முகவரியை நீக்கி மறுபடி சேர்த்தேன், சரியாகிவிட்டது.

அப்போதும் மசியவில்லையா? செக்யூரிட்டி பகுதியில் 'ட்ரஸ்ட் ஏஜென்ட்ஸ்' (போனைப் பூட்டாமல் வைத்திருக்க அனுமதி உள்ளவற்றின் பட்டியல்) இருக்கும். கூகுளுக்கு எதிரே உள்ளதை அணைத்து, போனை ரீஸ்டார்ட் செய்து, திரும்ப ஆன் செய்யுங்கள்.

அபார்ட்மெண்ட்வாசிகளுக்கு இடத்தை வைத்துப் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கத்து வீட்டிலும் போன் திறந்தே கிடக்கலாம். ப்ளூடூத் வாட்ச் இருந்தால் அதைச் சேர்த்துவிடுங்கள்.