ஜெர்மனியில் முனைவர் பட்டம்: வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு ஆய்வேட்டை வெளியிடுவது எப்படி?

வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டது. ஆய்வகத்துத் தோழர்கள் அட்டையில் செய்த தொப்பியைத் தலையில் வைத்துப் படமும் எடுத்தாகிவிட்டது. கோட்டிங்கன் என்றால் சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் கேன்சலீசல் சிலைக்கு முத்தம் கொடுக்கும் சடங்கும் முடிந்திருக்கும். ஊரில் அம்மா தெருவெல்லாம் சொல்லியிருப்பார். ஆனால் சட்டப்படி நீங்கள் இன்னும் டாக்டர் இல்லை.

ஜெர்மனியில் ஆய்வேட்டை வெளியிடுவது பட்டத்துக்கான நிபந்தனைகளில் ஒன்று. அது நடந்து, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பெயருக்கு முன்னால் பட்டத்தைப் போடலாம். உரிமையின்றிக் கல்விப் பட்டத்தைப் பயன்படுத்துவது அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 132ஏ பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். சில பல்கலைக்கழகங்கள் இடைக்காலத்துக்கு ‘டாக்டர் டெசிக்னாட்டுஸ்’ (டாக்டர் ஆகவிருப்பவர்) என்று போட்டுக்கொள்ள அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. உங்கள் துறை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து அறை நண்பர் போட்டிருக்கிறார் என்பது ஆதாரம் ஆகாது.

இந்தியாவிலும் ஆய்வேட்டின் மின்வடிவம் சோத்கங்கா தளத்துக்குப் போகிறது. அங்கே அந்தப் பொறுப்பு பல்கலைக்கழகத்தின் தலையில். ஜெர்மனியில் அது உங்கள் தலையில். நம் மாணவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

படி 1: விதிமுறையைத் திறந்து நான்கு விஷயங்களைத் தேடுங்கள்

நாடு முழுமைக்கும் ஒரே விதி என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு புலத்துக்கும் தனி முனைவர் பட்ட விதிமுறை உண்டு. ‘ப்ரொமோட்சியோன்ஸ்ஓர்ட்னுங்’ (Promotionsordnung) என்று பல்கலைக்கழகத் தளத்தில் தேடினால் கிடைக்கும். அதில் வெளியீடு பற்றிய பிரிவை மட்டும் முதலில் படியுங்கள். எத்தனை காலத்துக்குள் வெளியிட வேண்டும்? எந்தெந்த வடிவங்களை ஏற்கிறார்கள்? எத்தனை அச்சுப்படிகள் கேட்கிறார்கள்? வெளியிடும் முன் யாருடைய ஒப்புதல் வேண்டும்? இந்த நான்குக்கும் விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடு பெரும்பாலும் ஓராண்டு, சில இடங்களில் இரண்டு. நீட்டிப்பு கேட்கலாம், கெடு முடிவதற்கு முன்பே, காரணத்தோடு கேட்க வேண்டும். வேலை கிடைத்துச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டவர்களுக்குக் கெடு சத்தமில்லாமல் ஓடிவிடும். கெடு தவறினால் தேர்வில் பெற்ற உரிமையே போய்விடும் என்று எழுதியிருக்கும் விதிமுறைகளும் உண்டு. விதிமுறை இடையில் திருத்தப்பட்டிருந்தால், உங்களுக்குப் பொருந்துவது பழையதா புதியதா என்பதையும் கேளுங்கள்.

படி 2: ஒப்புதல் பெறுங்கள்

மதிப்பீட்டாளர்கள் திருத்தங்களை நிபந்தனையாக வைத்திருந்தால் முதலில் அவற்றை முடித்து, நெறியாளரின் கையெழுத்துடன் வெளியீட்டு ஒப்புதலைப் பெற வேண்டும். இந்த நேரத்தில் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்க்கும் ஆசை வரும். வேண்டாம். தேர்வில் ஏற்கப்பட்ட நூலைத்தான் வெளியிடுகிறீர்கள்.

படி 3: எந்த வழி?

மூன்று வழிகள் உள்ளன. பல்கலைக்கழக நூலகத்தின் மின்களஞ்சியத்தில் ஏற்றுவது முதல் வழி. பதிப்பகம் மூலம் நூலாகக் கொண்டுவருவது இரண்டாவது. நாமே அச்சடித்துக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நூலகத்திடம் கொடுப்பது மூன்றாவது. மூன்றாவதை இன்று மறந்துவிடலாம். காசும் சுமையும்தான் மிச்சம்.

அறிவியல், பொறியியல், மருத்துவம் படித்தவர்களுக்கு என் பரிந்துரை ஐயமில்லாமல் மின்களஞ்சியம். செலவு கிட்டத்தட்ட இல்லை, நிலையான முகவரி கிடைக்கும், கோயம்புத்தூரில் இருக்கும் மாணவரும் இலவசமாகப் படிக்கலாம். ஜெர்மன் தேசிய நூலகம் 1998 முதல் இணைய ஆய்வேடுகளைச் சேகரித்து வருகிறது. அங்கே அனுப்பும் வேலையைப் பல்கலைக்கழக நூலகமே பார்த்துக்கொள்ளும்.

சட்டம், வரலாறு, இறையியல் போன்ற துறைகளில் நிலைமை வேறு. அங்கே மோர் சீபெக், டுங்கர் உண்ட் ஹும்ப்லொட், நோமோஸ், டி குருய்ட்டர் போன்ற பதிப்பகங்களின் பெயர் பின்னாளில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது எடை கூட்டும். ஆனால் ஆசிரியரே அச்சுச் செலவில் பங்கு தர வேண்டியிருக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகள்: குறைந்தபட்ச அச்சு எண்ணிக்கை புலத்தின் விதிக்கு ஒத்துவருகிறதா? பின்னர் மின்வடிவத்தைத் திறந்து வைக்க அனுமதி உண்டா? ‘இது இன்ன பல்கலைக்கழகத்தின் ஆய்வேடு’ என்ற குறிப்பு உள்ளே வருமா?

தேர்வு முடிந்த சில வாரங்களில், ‘உங்கள் அரிய ஆய்வை நூலாக்க விரும்புகிறோம்’ என்று முன்பின் அறியாத பதிப்பகங்களிடமிருந்து மின்னஞ்சல் வரும். ஆய்வேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பப்படுபவை அவை. பதில் எழுத வேண்டியதில்லை.

படி 4: உரிமைகளைச் சரிபாருங்கள்

இதைத் தேர்வுக்கு முன்பே தொடங்குவது நல்லது. நேரம் தின்னும் வேலை இதுதான்.

கட்டுரைகளைத் தொகுத்து ஆய்வேடாக்கியவர்கள் ஒவ்வொரு கட்டுரைக்கும் இதழின் விதியைப் பார்க்க வேண்டும். எல்செவியர் பதிப்பகம் தன் ஆசிரியர்கள் கட்டுரையை வணிக நோக்கமற்ற ஆய்வேட்டில் சேர்க்க அனுமதிக்கிறது. மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயின் விதி வேறு: இணையத்தில் வைக்கும் ஆய்வேட்டில், ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியைத்தான் சேர்க்கலாம், இதழ் வடிவமைத்த இறுதிப் பக்கங்களைச் சேர்க்கக் கூடாது. அந்தப் பிரதியை எங்கோ ஒரு பழைய மடிக்கணினியில் தேட வேண்டிய நிலை வராதபடி, கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே தனிக் கோப்புறையில் போட்டு வையுங்கள். இணை ஆசிரியர்களின் ஒப்புதலையும், யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்ற குறிப்பையும் பல புலங்கள் கேட்கும்.

பிறருடைய படங்களை எடுத்தாண்டிருந்தால், மூலத்தைக் குறிப்பிட்டால் மட்டும் போதுமா என்பதை நூலகத்தில் கேளுங்கள். பல இதழ்களின் கட்டுரைப் பக்கத்திலேயே அனுமதி கேட்பதற்கான ‘ரைட்ஸ்லிங்க்’ பொத்தான் இருக்கும். பயன்பாடு ‘ஆய்வேடு’ என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் கட்டணம் இராது. வரும் அனுமதிச் சீட்டைச் சேமித்து வையுங்கள்.

உங்கள் ஆய்வில் காப்புரிமைக்குத் தகுதியான கண்டுபிடிப்பு இருந்தால் நிறுத்துங்கள். ஐரோப்பியக் காப்புரிமைக்குப் புதுமை கட்டாயம். விண்ணப்பிக்கும் முன் வெளியான நூல், அது உங்களுடையதே என்றாலும், அந்தப் புதுமையைக் கெடுத்துவிடும். பல்கலைக்கழகத்தில் ஊதியம் வாங்கி ஆய்வு செய்தவர், வெளியிடுவதற்குப் பொதுவாக இரண்டு மாதம் முன்பே கண்டுபிடிப்பை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஊழியர் கண்டுபிடிப்புச் சட்டம். இப்படிப்பட்ட நேரத்தில் வெளியீட்டைத் தள்ளிவைக்கப் பல நூலகங்களில் வழி உண்டு.

படி 5: கோப்பும் முகப்புப் பக்கமும்

சமர்ப்பித்த ஆய்வேட்டின் முகப்பு வேறு, வெளியிடும் ஆய்வேட்டின் முகப்பு வேறு. இரண்டாவதில் மதிப்பீட்டாளர்களின் பெயர்களும் வாய்மொழித் தேர்வு நாளும் வரும். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் அடையாள எண்ணையும் கேட்கும்: பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ‘டி 83’, ஆஹனுக்கு ‘டி 82’, டார்ம்ஷ்டாட்டுக்கு ‘டி 17’. புலத்தின் மாதிரிப் பக்கத்தை எழுத்து மாறாமல் பின்பற்றுங்கள். அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பக் கமா ஒன்று இடம் மாறியிருந்தாலே போதும்.

தன்விவரக் குறிப்பை ஆய்வேட்டில் சேர்க்கச் சொல்லும் புலங்கள் உள்ளன. ஆனால் இணையப் பதிப்பில் பிறந்த தேதி, வீட்டு முகவரி, ஸ்கேன் செய்த கையெழுத்து ஆகியவை வேண்டாம். ஒருமுறை ஏறினால் அந்தக் கோப்பு பல இடங்களுக்கு நகலாகிவிடும்.

வடிவம் பெரும்பாலும் பிடிஎஃப்/ஏ. நீண்டகாலச் சேமிப்புக்கான வகை அது. வேர்டில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ‘விருப்பங்கள்’ பகுதியிலும், லிப்ரே ஆபிஸில் பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியிலும் இதற்கென்று ஒரு தேர்வு இருக்கிறது. லேட்டெக் பயன்படுத்துபவர்களுக்குப் ‘பிடிஎஃப்எக்ஸ்’ தொகுப்பு உண்டு. பிறகு கோப்பை அக்ரோபட் ரீடரில் திறந்து, பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பக்கத்திலும் அது கோப்புக்குள் பதிக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்க வேண்டும். ஒன்றில் இல்லையென்றால், குற்றவாளி பெரும்பாலும் வேறு மென்பொருளில் வரைந்து ஒட்டிய ஒரு வரைபடம்தான். தமிழ் மேற்கோள்கள் உள்ள ஆய்வேடு என்றால் அந்தப் பக்கங்களைக் கண்ணாலும் பாருங்கள். கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்பது இன்னும் நடக்கிறது. கடைசியாக ‘வெராபிடிஎஃப்’ என்ற இலவசக் கருவியில் சோதித்துவிடுங்கள். கடவுச்சொல் பூட்டு போடாதீர்கள், நூலகம் ஏற்காது.

படி 6: ஏற்றுங்கள், கொடுங்கள், வாங்குங்கள்

களஞ்சியப் படிவத்தில் தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள் கேட்பார்கள். பல இடங்களில் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் வேண்டும். அடுத்து உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றான ‘சிசி பிஒய்’ கொடுத்தால் உங்கள் பெயரைச் சொல்லி எவரும் பயன்படுத்தலாம். ஒருமுறை கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. நூலாக்கும் எண்ணம் இருந்தால் இங்கே கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

வெளியான ஆய்வேட்டை எவரும், எப்போதும் சரிபார்க்கலாம். பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க் 2011-ல் பட்டத்தையும் பதவியையும் இழந்தது, அச்சில் வந்திருந்த அவருடைய ஆய்வேட்டை இணையத்தில் பலர் கூடிப் பிறருடைய எழுத்துகளோடு வரி வரியாக ஒப்பிட்டு, மூலம் சொல்லாமல் எடுத்த பகுதிகளைக் காட்டியதால்தான். கல்வி அமைச்சர் ஷாவானின் 1980-ஆம் ஆண்டு ஆய்வேட்டுக்கான பட்டம் 2013-ல் பறிக்கப்பட்டது. எனவே ஏற்றுவதற்கு முந்தைய நாள் மேற்கோள் குறிகளை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

ஏற்றிய பிறகு, கேட்கப்பட்ட சில அச்சுப்படிகளையும் கையெழுத்திட்ட படிவத்தையும் நூலகத்தில் கொடுங்கள். அமிலமில்லாத, நாள்பட நிற்கும் தாளில் அச்சிடச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய அச்சகங்களில் ‘ஆய்வேட்டுக்கு’ என்று சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள். நூலகம் தரும் ரசீதைப் புல அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் சான்றிதழ் தயாராகும். வெளிநாட்டில் இருந்தால் நண்பர் மூலம் பெற அதிகாரக் கடிதம் ஏற்கிறார்களா என்று கேளுங்கள்.

பதிப்பகம் வழியாக நூலாக்கியவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை: எழுத்தாளர்களுக்கான உரிமைத்தொகை அமைப்பான ‘ஃபாவ்கே வோர்ட்’டில் பதிவு செய்யுங்கள். நூலகப் பயன்பாட்டுக்கும் நகலெடுப்புக்கும் ஈடாக வசூலாகும் தொகையில் அறிவியல் நூல்களுக்கும் பங்கு உண்டு. நூல் வந்த அடுத்த ஆண்டு ஜனவரி 31-க்குள் தெரிவித்துவிட வேண்டும்.