புதுசா ஒண்ணும் வாங்காம வீட்டுச் செலவையும் குப்பையையும் குறைக்கிறது எப்படி? முதல் தடவ ஆரம்பிக்கிறவங்களுக்கு

நாங்க இருக்கிறது மடிப்பாக்கம் பக்கம், ரெண்டாவது மாடி, வாடகை வீடு, 4 பேர். 2019 கோடைல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு சென்னைக்குத் தண்ணி தர்ற நாலு ஏரியும் வத்திப் போச்சே, அப்போ லாரித் தண்ணிக்கு புக் பண்ணிட்டு நாள்கணக்கா காத்துக் கிடந்தோம், பாத்திரம் கழுவ ஒரு பக்கெட், குளிக்க ஆளுக்கு ஒரு பக்கெட்னு எண்ணி எண்ணித்தான் செலவு பண்ணோம். மழை வந்துச்சு, போர்ல தண்ணி ஏறுச்சு, ஒரே மாசத்துல எல்லாரும் பழையபடி குழாயத் திறந்து விட ஆரம்பிச்சுட்டோம், நானும்தான். அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திட்டே இருந்துச்சு. தட்டுப்பாடு வந்தா செய்ய முடியுற விஷயத்த ஏன் மத்த நாள்ல செய்ய முடியலன்னு யோசிச்சப்போதான் புரிஞ்சுது, அப்போ எண்ணினோம், இப்போ எண்ணுறது இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால இந்த முறை முழுக்க எண்ணுறதுல இருந்துதான் ஆரம்பிக்குது. ஆரம்பிக்கும்போது எந்தப் பொருளும் வாங்காதீங்க. மூங்கில் பிரஷ், கண்ணாடி ஜார் செட்டு, ஸ்டீல் ஸ்ட்ரா இதெல்லாம் வாங்கிட்டு வீட்டுல நல்லா இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவத் தூக்கிப் போட்டா அதுவும் குப்பைதான், செலவும் ரெட்டிப்பு. இருக்கிறத உடையுற வரைக்கும் உபயோகிங்க.

ஸ்டெப் 1: ரெண்டு வாரம் எழுத மட்டும் செய்யுங்க

ஒரு பழைய நோட்டு போதும், இல்லன்னா தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம். எழுத வேண்டியது நாலே விஷயம்: காலைல இபி மீட்டர் ரீடிங், சிலிண்டர் மாத்தின தேதி (நான் சிலிண்டர் மேலயே சாக்பீஸால எழுதிடுவேன்), ஒரு நாளைக்கு எத்தனை கவர் குப்பை வெளிய போகுது, தண்ணி கேன் இல்ல லாரி எத்தனை. இந்த ரெண்டு வாரத்துல ஒண்ணையும் மாத்தாதீங்க. முதல்லயே மாத்திட்டா எது எவ்வளவு குறைஞ்சுதுன்னு தெரியாது, தெரியலன்னா மூணாவது வாரம் ஆர்வம் போயிடும்.

ஸ்டெப் 2: தண்ணி

ஃபிளாட்ல பெரும்பாலும் தண்ணி மீட்டர் கிடையாது, அதனால பக்கெட்தான் மீட்டர். ஷவருக்கு அடில பக்கெட்ட வச்சு ஒரு நிமிஷம் திறந்து விட்டு எவ்வளவு நிறையுதுன்னு பாருங்க, அதை நீங்க குளிக்கிற நிமிஷத்தால பெருக்குங்க. எங்க வீட்டுல அந்தக் கணக்கப் பாத்த அன்னைக்கே என் பெரிய பையன் பக்கெட்டுக்கும் சொம்புக்கும் மாறிட்டான், நான் ஒண்ணுமே சொல்லல.

அடுத்து ஒழுகல். சொட்டுற குழாய்க்கு அடில டம்ளர் வச்சு 10 நிமிஷத்துல எவ்வளவு சேருதுன்னு அளந்து 144ஆல பெருக்கினா ஒரு நாள் கணக்கு வந்துடும். 10 நிமிஷத்துக்கு 50 மில்லின்னா ஒரு நாளைக்கு 7 லிட்டருக்கு மேல, மாசத்துக்கு 200 லிட்டர் தாண்டும், அதுவும் நீங்க மோட்டார் போட்டு மேல ஏத்தின தண்ணி. வாஷர் மாத்தினா சரியாப் போற விஷயம் இது. ஃபிளஷ் டேங்க் ஒழுகுறது மட்டும் கண்ணுக்கே தெரியாது. ராத்திரி படுக்கப் போறப்போ டேங்க் மூடியத் திறந்து கொஞ்சம் பீட்ரூட் சாறோ இங்க்கோ ஊத்திடுங்க, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணக் கூடாது, கீழ கோப்பைல கலர் வந்திருந்தா உள்ள வாஷர் போயிடுச்சுன்னு அர்த்தம். பழைய மாடல் டேங்க்கா இருந்தா ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி ரொப்பி, மிதவை மேல இடிக்காத மாதிரி உள்ள வச்சுடுங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம்.

ஆர்ஓ மெஷின் இருக்கிறவங்க அதோட கழிவுத் தண்ணி பைப்ப சிங்க்குல விடாம பக்கெட்ல விட்டுப் பாருங்க, குடிக்கிற தண்ணிய விட வெளிய போறதுதான் ஜாஸ்தின்னு தெரியும். அந்தத் தண்ணில தரை துடைக்கலாம், பாத்திரத்த முதல் அலசு அலசலாம், கக்கூஸுக்கு ஊத்தலாம். செடிக்கு மட்டும் தினமும் ஊத்தாதீங்க, உப்பு மண்ணுலயே தங்கிடும். செடிக்கு அரிசி களைஞ்ச தண்ணி இருக்கு, கறிவேப்பிலை அதுலதான் நல்லாத் தழையும்.

ஸ்டெப் 3: கரண்ட்

இதுல ஒரு சின்ன வேலை இருக்கு, எல்லாரும் ஒரு தடவ செஞ்சு பாக்கணும்னு ஆசைப்படுறேன். இபி மீட்டர்ல ஒரு சிவப்பு லைட் விட்டு விட்டு மின்னும், பக்கத்துலயே கிலோவாட் அவருக்கு 3200 இம்ப் மாதிரி ஒரு நம்பர் எழுதியிருக்கும் (சில மீட்டர்ல வேற நம்பர் இருக்கும்). 3200 தடவ மின்னினா ஒரு யூனிட் ஓடுச்சுன்னு அர்த்தம். இப்போ வீட்டுல லைட், ஃபேன் எல்லாத்தையும் அணைச்சுட்டு, ஃபிரிட்ஜையும் 10 நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு, மீட்டர் முன்னாடி நின்னு பாருங்க. ஒண்ணுமே ஓடலன்னா மின்னக் கூடாது. எங்க வீட்டுல நிமிஷத்துக்கு 2 தடவ மின்னுச்சு. கணக்குப் போட்டா ஒரு மணி நேரத்துக்கு 120 தடவ, அதாவது சுமாரா 37 வாட்ஸ், 2 மாச பில்லுக்கு 54 யூனிட். யாருமே உபயோகிக்காத கரண்ட்! செட்டாப் பாக்ஸ், ரிமோட்ல அணைச்ச டிவி, மைக்ரோவேவ் மேல ஓடுற கடிகாரம், பையனோட கம்ப்யூட்டர் ஸ்பீக்கர், எல்லாம் சேந்து தின்னது அது. இப்போ ராத்திரி டிவி பக்கத்து ஸ்விட்ச் போர்டையே அணைச்சுடுறோம்.

இந்த 54 யூனிட்டுக்கு ஏன் இவ்வளவு பேசுறேன்னா, தமிழ்நாட்டுல வீட்டு கரண்ட் பில் படிப்படியா ஏறுற கணக்கு. ரேட் அப்பப்போ மாறும், ஆனா நான் எழுதுற இந்த நேரத்துல 2 மாசத்துக்கு 500 யூனிட் தாண்டிட்டா தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ இருக்கிற யூனிட்லயும் சலுகை ரேட் குறைஞ்சு போகும். 510 எடுத்தவங்களுக்கும் 490 எடுத்தவங்களுக்கும் பில்லுல நல்ல வித்தியாசம் தெரியும். ரீடிங் எடுக்க வர்ற தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே நீங்க எங்க நிக்கிறீங்கன்னு நோட்டப் பாத்தா தெரிஞ்சுடும், அதுக்குத்தான் தினமும் எழுதச் சொன்னது.

ஏசி 24ல வச்சு கூட ஃபேன் போட்டுக்கோங்க. ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தித் திறன் அமைப்பே சொல்லுது, 2020 ஜனவரில இருந்து ஸ்டார் லேபிள் ஏசி எல்லாம் ஆன் பண்ணும்போதே 24ல நிக்கணும்னு விதியும் இருக்கு. ஃபிரிட்ஜ் கதவு நடுவுல 10 ரூபா நோட்ட வச்சு மூடி இழுத்துப் பாருங்க, சுலபமா வந்துட்டா ரப்பர் தளர்ந்துடுச்சு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ் மாதிரி எடுக்கும், பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா எடுக்கிற புது வகை மோட்டார் வச்சது) 30 பக்கம்தான், தினம் 15 மணி நேரம் ஓடுற ஒரு ஃபேனுக்கு 2 மாசத்துல 40 யூனிட் மிச்சம். ஆனா நல்லா ஓடுற ஃபேன கழட்டிப் போட்டுட்டு இத வாங்க வேண்டாம், காயில் போனப்போ மாத்துங்க, முதல்ல ஹால் ஃபேன், ஏன்னா அதுதான் நாள் முழுக்க ஓடுது.

ஸ்டெப் 4: கேஸ்

இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. பருப்பு அரை மணி நேரம் ஊறட்டும், குக்கர்ல அடுக்குப் பாத்திரம் வச்சு சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே தடவைல வையுங்க, முதல் விசில் வந்ததும் சிம்ல போடுங்க. தீ பாத்திரத்துக்கு வெளிய வந்தா அடுப்பங்கரைதான் சூடாகுது. தீ மஞ்சளா எரிஞ்சா பர்னர் ஓட்டை அடைச்சிருக்கு, சுத்தம் பண்ணுங்க. கொண்டைக்கடலை ஊறப்போட மறந்துட்டீங்கன்னா ஹாட் பாக்ஸ்ல போட்டு கொதிக்கிற தண்ணி ஊத்தி மூடிடுங்க, ரெண்டு மணி நேரத்துல ஊறிடும். எங்க மாமியார் சொல்லிக் கொடுத்தது இது, குக்கர்ல 10 விசில் விடுற வேலை மிச்சம்.

ஸ்டெப் 5: கடைக்குப் போறதுக்கு முன்னாடி

2019 ஜனவரி 1ல இருந்து ஒரு தடவ உபயோகிச்சுத் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் நம்ம மாநிலத்துல தடை, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசாங்கமும் ஆரம்பிச்சுது, ஆனாலும் பூக்காரம்மா கைல கவர் இருக்கத்தான் செய்யுது, அவங்கள மட்டும் குறை சொல்ல முடியாது, நாம வெறுங்கையோட போய் நிக்கிறோமே. பை வீட்டுல இருக்கும், மறந்துட்டுப் போறதுதான் பிரச்சினை, அதனால பைய வண்டி சீட்டுக்கு அடில வச்சுடுங்க, காய் எடுத்து வச்ச கையோட திரும்ப வண்டிக்கே போயிடணும். கறிக்கடைக்கு எவர்சில்வர் டப்பா, மாவுக்கு தூக்கு. டப்பாவோட எடைய முதல்ல கழிச்சுடச் சொல்லுங்க, கடைக்காரங்களும் சந்தோஷமாத்தான் போட்டுத் தர்றாங்க.

பால் பாக்கெட் வெட்டும்போது மூலைய முழுசா துண்டாக்காதீங்க, ஒட்டிட்டே இருக்கிற மாதிரி வெட்டுங்க. அந்தக் குட்டித் துண்ட யாரும் பொறுக்க மாட்டாங்க, அப்படியே சாக்கடைக்குப் போகும். கவர அலசி அடுப்பு மேடை டைல்ஸ்ல ஒட்டிக் காய வச்சு சேத்தா பழைய பேப்பர் கடையில எடைக்கு எடுத்துக்குவாங்க.

ஸ்டெப் 6: காய்த்தோல உரமாக்குறது

நான் மனசார செய்யுற வேலை இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். எங்க வீட்டுல இருந்து 15 நிமிஷம் வண்டில போனா பெருங்குடி குப்பைக் கிடங்கு, அது இருக்கிறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல. 2022ல ராம்சர் தளம்னு, அதாவது காப்பாத்த வேண்டிய முக்கியமான சதுப்பு நிலம்னு உலக அளவுல அங்கீகாரம் கிடைச்ச இடம் அது, பறவைங்க வர்ற இடம், வெள்ளத்த வாங்கி வச்சுக்கிற இடம், அங்க பல வருஷமா நம்ம குப்பைய மலையாக் கொட்டியிருக்கோம். காய்த்தோலும் சோறும் பிளாஸ்டிக்கோட கலந்து காத்தே போகாம அமுங்கினா மீத்தேன் வாயு வரும், தீ பிடிக்கும், கருப்பா தண்ணி கசிஞ்சு நிலத்துக்குள்ள இறங்கும். அதே தோல் காத்தோட இருந்தா மண்ணாயிடும். இவ்வளவுதான் இதுல அறிவியல்.

தேவை: 20 லிட்டர் பழைய பெயிண்ட் பக்கெட் 3 (பெயிண்டர்கிட்ட கேட்டா சும்மாவே கிடைக்கும்), ஒரு சாக்கு நிறைய காஞ்ச இலை, கொஞ்சம் புளிச்ச மோர். தெருவுல பெருக்கி எரிக்கிறதுக்குக் குமிக்கிறாங்களே, அந்த வேப்ப இலையும் புங்க இலையும் போதும்.

கம்பியச் சூடு பண்ணி பக்கெட்டுல சுத்தி சுத்தி 15, 20 ஓட்டை போடுங்க, அடில நாலு. அடில ஒரு பழைய தட்டு வையுங்க. உள்ள முதல்ல நாலு விரல் உயரத்துக்கு காஞ்ச இலை. அப்புறம் தினமும் காய்த்தோல், பழத்தோல், டீத்தூள் (சர்க்கரைய அலசிட்டு), நொறுக்கின முட்டை ஓடு. பெரிய தோல சின்னதா நறுக்கிடுங்க, சீக்கிரம் மக்கும். ஒரு கிண்ணம் தோல் போட்டா ரெண்டு கிண்ணம் இலை மேல போட்டு மூடணும். முதல் வாரம் மட்டும் ரெண்டு தடவ மோர தண்ணில கலந்து தெளிங்க, மக்க வைக்கிற கிருமி அதுல இருக்கு. மோர் இல்லன்னா தோட்டத்து மண் ஒரு கைப்பிடி. மூணு நாளைக்கு ஒரு தடவ குச்சியால கிளறுங்க. சமைச்ச குழம்பு, எண்ணெய், கறி, மீன், பால் இதெல்லாம் ஆரம்பத்துல போடவே கூடாது. மாங்கொட்டை, தேங்காச் சிரட்டை மக்க வருஷக்கணக்கா ஆகும், அதையும் விட்டுடுங்க.

நான் முதல் தடவ இலை போடாம தோல மட்டும் போட்டுட்டே இருந்தேன், 10 நாள்ல வந்த நாத்தத்துல பக்கத்து வீட்டு அக்கா கதவத் தட்டிட்டாங்க, அவங்க மேல தப்பே இல்ல. அந்த பக்கெட்ட மொட்டை மாடில கொட்டி, இலை கலந்து, காய வச்சு திரும்ப ஆரம்பிச்சேன். நாத்தம் வந்தா ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம், இலை சேத்து கிளறி விடுங்க, ரெண்டு நாள்ல போயிடும். ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்க, ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரியான பதம், ஒழுகினா இலை வேணும், உதிர்ந்தா தண்ணி தெளிக்கணும். குட்டி ஈ வந்தா மேல இலைய கனமா போட்டு பழைய வேட்டித் துணியால வாய்கட்டுங்க. தடியா பழுப்பு நிறப் புழு வந்தா பயப்படாதீங்க, அது கடிக்காது, தோல வேகமாத் தின்னு மக்க வைக்கிற புழு அது, ஈரம் குறைஞ்சா தானா போயிடும்.

முதல் பக்கெட் நிறைஞ்சதும் மூடி ஓரமா வச்சுட்டு அடுத்ததுல போடுங்க. மூணாவது நிறையுறதுக்குள்ள முதலாவது பாதியா அமுங்கியிருக்கும், 45ல இருந்து 60 நாள்ல கருப்பா, மழை பெஞ்ச மண் வாசனையோட இருக்கும். சல்லடைல சலிச்சு, மக்காத துண்ட அடுத்த பக்கெட்டுக்குப் போட்டுட்டு, ஒரு பங்கு உரத்துக்கு மூணு பங்கு மண் கலந்து தொட்டிக்குப் போடுங்க. எங்க நோட்டுல தினம் ரெண்டு கவர் குப்பைன்னு இருந்தது இப்போ மூணு நாளைக்கு ஒண்ணு.

செடியே இல்லாத வீடா? தெருவுல நிக்கிற ஏதாவது ஒரு மரத்தடில மண்ணக் கொத்தி போட்டுட்டு வாங்க, நாங்க எங்க கேட்டுக்கு வெளிய இருக்கிற புங்க மரத்துக்குத்தான் போடுறோம், அது உதிர்க்கிற இலையத்தானே வருஷம் முழுக்க பக்கெட்டுல போடுறோம்.