தங்கச்சிமடத்துக்குக் குடிவருகிறீர்களா? போர்வெல் லாரியைக் கூப்பிடாதீர்கள்

போன மாதம் ஒருநாள் காலையில் அடுத்த தெருவில் போர்வெல் போடும் லாரியின் இரைச்சல் கேட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அம்பத்தூரிலிருந்து குடிவரப்போகும் குடும்பம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள்.

"எத்தனை அடி போயிருக்கு?" என்றேன்.

"நூத்தி இருபது சார். பத்து அடியிலேயே தண்ணி வந்துடுச்சு. இருந்தாலும் கோடைக்கு ஆகட்டும்னு இருநூறு வரைக்கும் போகச் சொல்லியிருக்கோம்."

2015இல் வில்லிவாக்கத்திலிருந்து ராமேஸ்வரம் தீவில் உள்ள இந்தத் தங்கச்சிமடத்துக்கு வந்தபோது இதே வார்த்தைகளை நானும் சொன்னேன். பத்து வருடமாக வருகிறவர்கள் எல்லோரும் அதையேதான் செய்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ரேஷன் கார்டை மாற்றுவது, கேஸ் இணைப்பை மாற்றுவது, சாமான் பெட்டிகளுக்கு எண் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, வருகிறவர்கள் இங்கே செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பங்குனியில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது

பங்குனியில் வடக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். பார்த்தவுடன் முன்பணம் கொடுக்கத் தோன்றும். இங்கே வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாள் வந்து தங்குங்கள். எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் நிற்கிறது, மின்சாரம் போனால் எப்போது வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஆனி, ஆடியில் இன்னொரு தடவை வாருங்கள். கச்சான் காற்று மணலை அள்ளிச் சோற்றுத் தட்டில் கொட்டும். இரண்டையும் பார்த்த பிறகும் பிடித்திருந்தால் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். மனை வாங்குவதை அதற்குப் பிறகு பேசலாம்.

பாலத்தை நம்பி வேலையை அமைத்துக்கொள்வது

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறந்தது. இடையில் இரண்டேகால் வருடம் தீவுக்குள் ரயில் வரவில்லை. பஸ்ஸில் சாலைப் பாலத்தைக் கடந்து போய்த்தான் ரயில் ஏறினோம். மாதம் இருமுறை சென்னை அலுவலகத்தில் தலைகாட்ட வேண்டியிருந்த நண்பர் ஒருவர் அலைச்சல் தாங்காமல் ராமநாதபுரத்துக்கே வீடு மாறிப் போனார். பிள்ளைகளுக்குத் தீவு பிடித்துப்போயிருந்த நேரம் அது.

ஆழமாகத் துளைப்பது

சென்னைக்காரர்களுக்கு ஒரு பாடம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது: தண்ணீர் போதவில்லையா, இன்னும் ஆழமாகப் போ. இந்த மணல் தீவில் அது தலைகீழ்.

என் மனையில் லாரி வந்து நின்ற அன்று, பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்து நின்றார். "தம்பி, இருபது அடிக்குக் கீழ போகாதீங்க. கீழ கடல்தான் கிடக்கு" என்றார். "சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டு 160 அடி போட்டேன். மோட்டார், குழாய் எல்லாம் சேர்த்து 95,000 ரூபாய். முதல் வாரம் தண்ணீர் லேசாக உவர்த்தது. ஒரு மாதத்தில் வாயில் வைக்க முடியவில்லை.

அவர் சொன்னதற்குக் கணக்கே இருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். மணலுக்குள் இறங்கும் மழைநீர் எடை குறைந்தது என்பதால் அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். நூறு வருடத்துக்கு முன்பே ஐரோப்பியப் பொறியாளர்கள் எழுதிவைத்த கணக்கு இது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டாரை ஓட்டி மேலே ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். நான் நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினேன், தென்னங்கன்றுகளுக்கும் சேர்த்து.

ராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. கடலிலிருந்து கூப்பிடு தூரம்தான். வாளியில் மொண்டு தலையில் ஊற்றும்போது வாயில் படுகிற தண்ணீர் கடல்போலக் கரிப்பதில்லை. எத்தனை முறை அங்கே நீராடியிருக்கிறேன்! அந்தக் கிணறுகள் ஏன் ஆழமாக இல்லை என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

பணம் போனதை மறந்துவிட்டேன். மறக்க முடியாதது வேறு. மூன்றாவது மாதம் பெரியவர் வீட்டுக் கிணறும் கரிக்க ஆரம்பித்தது. நாற்பது வருடமாக அவர்கள் குடித்துவந்த தண்ணீர். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவர் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போவதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அன்றே மோட்டாரைக் கழற்றி, போரைக் களிமண்ணும் சிமெண்டும் போட்டு அடைத்தேன். அவர் கிணறு பழையபடி ஆக இரண்டு மழைக்காலம் பிடித்தது.

அதோடும் முடியவில்லை. என் போர்த் தண்ணீரில்தான் சுற்றுச்சுவர்த் தூண்களுக்கும் தொட்டியின் மூடிக்கும் கான்கிரீட் கலந்திருந்தோம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. கட்டிக்கொடுத்தவர் சோதித்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான்காவது வருடம் கம்பி போன வழியெல்லாம் வெடிப்பு. துரு ஏறிய கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிட்டது. தூண்கள் அத்தனையும் இடித்துக் கட்டினேன்.

இப்போது எங்கள் வீட்டில் பன்னிரண்டு அடி உறைக்கிணறு. அரை குதிரைத்திறன் மோட்டார். காலையில் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம், அதற்குமேல் ஓட்டுவதில்லை. மாடியில் விழுகிற மழை முழுவதும் வடிகட்டிக் கிணற்றுக்கே போகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். நான்கு பேருக்குப் போதும். புல்தரை வேண்டும், வாழை வேண்டும் என்றால் போதாது. அந்த ஆசைகளோடு இங்கே வர வேண்டாம்.

அம்பத்தூர்க் குடும்பத்திடம் லாரியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். 140 அடியில் நிறுத்தினார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் லிட்டருக்கு 4,300 மில்லிகிராம். குடிநீருக்கு 500க்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. "ஆர்.ஓ. மிஷின் போட்டுக்கலாமே சார்" என்றார் அவர். மிஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் தரும். அதற்காக அடியிலிருந்து இழுக்கிற உப்பு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் போகும். இதைச் சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் மனைவிதான், "அண்ணே, அந்த உறைக்கிணறு போடுறவர் நம்பர் கொடுங்க" என்றார்.

அமாவாசையில் சாமான் லாரி

ஆடி அமாவாசை, தை அமாவாசை பக்கமே வேண்டாம்.

கடற்கரை மனை

கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் சர்வே எண்ணைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கடை திறப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஊரில் பணப்புழக்கம் இருக்காது. கடை வைத்துப் பிழைக்கலாம் என்று வருகிறவர்கள் இந்த இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டு வரவுசெலவு போட வேண்டும். அந்த நாட்களில் கடன் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். படகு இறங்கியதும் முதலில் உங்களுக்குத்தான் கொண்டுவந்து தருவார்கள்.

துரு

சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான 304 இந்தக் காற்றில் பழுப்பு நிறம் படியும். 316 கேளுங்கள், விலை கூடத்தான்.

வயதானவர்களை அழைத்து வரும்போது

என் அம்மாவுக்கு இதய நோய். முதல் முறை நெஞ்சு வலித்தபோது எங்கே போவது என்று முடிவெடுக்கவே இருபது நிமிடம் ஆனது. ராமநாதபுரம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மதுரை அதற்கும் அப்பால் நூறு கிலோமீட்டருக்கு மேல். பகலிலும் இரவிலும் ஒவ்வொரு தடவை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிப் போய் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து வையுங்கள். அதைச் சென்னையில் உங்கள் மருத்துவரிடம் சொல்லி, அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க என்ன மாத்திரை கையில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கி வாருங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. பெரியவர் வீட்டிலும் ஒரு நகல் இருக்கிறது.