வருஷக்கணக்கில் கிடந்த ஆயில் இன்ஜினை மறுபடி ஓட்டுவது எப்படி?

தர்மபுரி பக்கம் சிவாடி ஏற்றத்தில் டீசல் இன்ஜின் பூட்டிய சரக்கு வண்டி ஏறும்போது எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர் அதிரும். பாதை மின்சாரத்துக்கு மாறியதும் அந்த அதிர்வு போய்விட்டது. அப்போதுதான் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற டீசல் ரயில் இன்ஜின்களை ரசிகர்களே வாங்கி, கழற்றிப் பூட்டி, ஓட்டுகிற கதைகளைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். டெல்டிக் என்று ஒரு ரகம், மொத்தமே 22 கட்டினார்கள். ஒவ்வொன்றும் 3,300 குதிரைத்திறன். அவை ஓய்வு பெறுவதற்கு முன்பே, 1977-லேயே, அவற்றைக் காப்பாற்ற ஒரு சங்கம் ஆரம்பித்து, பிறகு மூன்றைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள், லீவு நாளில் கிரீஸும் கையுமாக நிற்கிறார்கள்.

நமக்கு 112 டன் எடையுள்ள டபிள்யூ.டி.எம்-2 டீசல் ரயில் இன்ஜினை யார் கொடுப்பார்கள்? கிடைத்தது, தாத்தாவின் கிணற்று மேட்டில் ஓலைக்குள் புதைந்திருந்த ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜின். 5 குதிரைத்திறன், நிமிஷத்துக்கு 650 சுற்று. இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி மாடலைப் பார்த்து நம் நாட்டில் செய்தது. கரண்ட் மோட்டார் வந்த நாளில் இருந்து அதை யாரும் தொடவில்லை. நாங்கள் நாலு பேர், ஆறு ஞாயிற்றுக்கிழமை. ஓடுகிறது. அந்த ஆறில் மூன்றை நான் வீணடித்தேன். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆயில் மாற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆயிலுக்கு 20 டபிள்யூ 40 போதும். பழைய ஆயிலை வடிக்கும்போது முதலில் தண்ணீர் வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மேலே போகாதீர்கள்.

முதல் வேலை: கையால் சுற்றிப் பார்ப்பது

ஹேண்டிலை உடனே போட்டு இழுக்காதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலைக் கழற்றுங்கள். அந்தத் துளை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து நாலைந்து ஸ்பூன் ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். கடையில் விற்கும் துரு ஸ்பிரேயும் வேலை செய்யும், ஆனால் இந்தக் கலவையே எனக்குப் பிடித்தது. விலையும் இல்லை, பிஸ்டன் ரிங் வரை இறங்கும். பிறகு பக்கவாட்டில் உள்ள கனமான சக்கரத்தை, அதாவது பிளைவீலை, பிடித்து முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். அசையவில்லையா? இன்னொரு வாரம். சம்மட்டியைத் தூரமாக வையுங்கள்.

நாசில் துளை திறந்தே இருக்கும்போது இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் துளை வழியாகப் பீச்சும். துளையை மூடிவிட்டு வேகமாகச் சுற்றினால் தண்ணீர் அழுந்தாது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். 16 சிலிண்டர் ரயில் இன்ஜின் நாள்கணக்கில் நின்றிருந்தாலும் இதே வேலைதான்: சிலிண்டரில் உள்ள சின்னத் திருகு வால்வுகளைத் திறந்துவைத்து, மெல்லச் சுற்றி, தண்ணீர் வருகிறதா பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்.

இரண்டாவது: ராக்

டீசல் பம்பில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருக்கும் கம்பிதான் ராக். எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. விரலால் தள்ளினால் போய் வர வேண்டும், துளிகூடச் சிக்கக்கூடாது. முழு டீசல் நிலையில் சிக்கியிருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியில் இன்ஜின் கட்டுக்கு அடங்காமல் வேகமெடுக்கும். ரயில் இன்ஜினில் வேகம் மீறினால் தானாக அணைக்கும் ஓவர்ஸ்பீட் ட்ரிப் இருக்கிறது. நம் இன்ஜினில் அந்த ட்ரிப் நாம்தான். காற்று இழுக்கும் வாயை முழுதாக மூடுகிற அளவுக்கு ஒரு பலகைத் துண்டை வெட்டி, ஒரு ஆளை அதோடு அங்கேயே நிறுத்துங்கள். எங்கள் பலகைக்கு இன்றுவரை வேலை வரவில்லை, ஆனாலும் எடுத்துவைக்காமல் ஸ்டார்ட் பண்ணுவதில்லை.

மூன்றாவது: காத்து எடுப்பது

இங்கேதான் விழுந்தேன்.

டீசல் வரும் பாதையில் அடைந்த காற்றை வெளியேற்றுவதைத்தான் காத்து எடுப்பது என்கிறோம். செய்முறை சொல்வதற்கு எளிது. டாங்க்கில் புது டீசல் ஊற்றுங்கள். பில்டர் மேலுள்ள சின்ன ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்தினால் நுரை நுரையாக வரும். குமிழி நின்று சுத்தமான டீசல் வழிந்ததும் இறுக்குங்கள். அடுத்து பம்பில் உள்ள ஸ்குரூ, அதே மாதிரி. கடைசியாக நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தி, பிளைவீலைச் சுற்றுங்கள். அங்கேயும் குமிழி நின்றதும் இறுக்குங்கள். இப்போது மெல்லச் சுற்றினால் நாசிலில் இருந்து ‘கிறீக்’ என்று ஒரு சத்தம் வரும். கதவுக் கீல் மாதிரி, குட்டையாக. அந்தச் சத்தம் வந்தால் இன்ஜின் ஓடும். வராவிட்டால் எத்தனை பேர் சுற்றினாலும் ஓடாது.

எனக்கு முதலில் வரும். நாலு சுற்றில் நின்றுவிடும். மறுபடி காத்து எடுப்பேன், வரும், நிற்கும். மூன்று ஞாயிறு. நாசில் போச்சு என்று ஒருவர், பம்ப் எலிமென்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் உள்பாகம்) போச்சு என்று இன்னொருவர். புது எலிமென்ட் வாங்கப் பணம்கூட எடுத்துவைத்துவிட்டேன்.

காரிமங்கலம் பக்கத்தில் இருந்து ஒரு வயதான மெக்கானிக் வந்தார். இன்ஜினைத் தொடவே இல்லை. தரையைப் பார்த்தார்.

“தம்பி, டாங்க் எங்க?”

“துரு பிடிச்சுப் போச்சுங்கண்ணா. அதான் கேன்ல டீசல் வெச்சிருக்கேன்.”

“கேன ஏன் தரைல வெச்ச? தலைக்கு மேல தூக்கிக் கட்டு.”

பக்கத்து வேப்பமரக் கிளையில் கயிறு போட்டுக் கேனைக் கட்டினோம். ஐந்து நிமிஷத்தில் பம்புக்கு வரும் டீசல் குழாயைப் பூட்டும் பாஞ்சோ போல்ட்டின் அடியில் ஒரு துளி டீசல் திரண்டு, தொங்கி, விழுந்தது. அவர் சிரித்தார். “மேல வெச்சா கசியும், கீழ வெச்சா காத்து இழுக்கும். ஓட்ட ஒண்ணுதான்.”

கேன் தரையில் இருந்தபோது பம்ப் டீசலைக் கீழிருந்து உறிஞ்ச வேண்டியிருந்தது. அந்த இழுப்பில், நைந்துபோன செம்பு வாஷர் வழியாகக் காற்று உள்ளே நுழைந்திருக்கிறது. வெளியே ஈரம்கூடத் தெரியாது. டாங்க்கை உயரத்தில் வைத்தால் அதே ஓட்டை டீசலைச் சிந்தி, தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அதனால் டாங்க் எப்போதும் பம்புக்கு மேலே, குறைந்தது ஒரு முழம்.

வாஷர் புதிது கிடைக்காவிட்டால் பழையதைக் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு இளகி மெத்தென்று ஆகிவிடும், மறுபடி இறுகப் படியும். இரும்புக்கு இது நேர் எதிர், நினைவிருக்கட்டும். டெஃப்லான் டேப் சுற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், அதன் நார் பிய்ந்து பம்புக்குள் போனால் எலிமென்ட் நிஜமாகவே போகும்.

ஒரு எச்சரிக்கை. நாசிலை வெளியே வைத்து ஸ்பிரே பார்க்கும்போது அதன் முன்னால் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம்.

நான்காவது: ஸ்டார்ட்

வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லிவரைப் போடுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற நாலு விரல்கள் இருக்கும் பக்கமே இருக்கட்டும். திருப்பி அடித்தால் கை தானாக விடுபடும், இல்லையென்றால் கட்டைவிரல் எலும்பு போகும். வேகம் ஏறியதும் லிவரை விடுங்கள். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கிற பழக்கம் வேண்டாம். காத்து சரியாக எடுத்த இன்ஜினுக்கு அது தேவையே இல்லை.

முதலில் வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல், சூடானதும் குறையும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. நிற்காத கறுப்பு என்றால் நாசிலைப் பாருங்கள். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறதா என்று மட்டும் மறக்காமல் பார்த்துவிடுங்கள். தண்ணீர் பம்ப் மாட்டாமல் வெறுமனே ஓட்டுகிறவர்கள் ஒரு டிரம் தண்ணீரையாவது இணைக்க வேண்டும்.

பின்சேர்க்கை: காவேரிப்பட்டணத்தில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார். எல்லாம் செய்தும் பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறதாம், டாங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் ஓடுகிறதாம். பதிலே அவர் கேள்வியில் இருக்கிறது. மூடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும், டீசல் இறங்க இறங்கக் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். குளவி மண் வைத்து அடைத்திருந்தது.

இன்னொருவர் மழைக்காலத்தில் எப்படி வைப்பது என்று கேட்டார். நிறுத்தியபின் பிளைவீலைக் கையால் சுற்றி, அழுத்தம் முட்டும் இடத்தில் விடுங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் சிலிண்டருக்குள் போகாது. மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஓட்டிவிடுங்கள். புகைக்குழாய் வாயில் ஒரு டின்னைக் கவிழ்த்துவையுங்கள். போன மாதம் அதை எடுக்க மறந்து ஸ்டார்ட் பண்ணினோம். டின் பக்கத்து மாந்தோப்பில் போய் விழுந்தது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.