பட்டுக்கொண்டிருக்கும் எலுமிச்சை மரத்தை மீட்பது எப்படி?

வீட்டுத் தோட்டத்து எலுமிச்சை மரம் இலை வெளுத்து, நுனிக்கொப்புகள் காய்ந்து, பிஞ்சுகளை உதிர்க்கத் தொடங்கினால், நம்மில் பலர் முதலில் செய்வது தூரில் ஒரு கை உரத்தைப் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதுதான். தவிக்கிற மரத்துக்கு இந்த இரண்டுமே பெரும்பாலும் கெடுதலாக முடிகின்றன. நோய் இலையில் தெரிந்தாலும் அது குடியிருக்கும் இடம் தூரும் வேரும்தான். வேர் அழுகிய மரத்துக்குப் போட்ட உரத்தை எடுத்துக்கொள்ளும் தெம்பு இருக்காது. ஆகவே தூரில் தொடங்கி மேலே வரும் வரிசையில் வேலையைச் செய்ய வேண்டும். உரம் கடைசியில்தான் வரும்.

முதலில், உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

பென்சில் பருமனுள்ள ஒரு கொப்பின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் அந்தக் கொப்பு உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, வறண்டு, பொடியாக உதிர்ந்தால் அது போய்விட்டது. நுனியிலிருந்து அடிவரை ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் சுரண்டிக்கொண்டே வந்தால், கொப்பு எதுவரை காய்ந்து இறங்கியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். பச்சை தொடங்கும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள்.

தூரைத் திறந்து பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மதுரையில் எங்கள் வீட்டு மரம் பட்டுப்போகத் தொடங்கியதற்குக் காரணம், வீட்டைப் பழுதுபார்த்த சமயத்தில் இடிபாட்டு மண்ணை அதைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்குக் கொட்டி, அழகுக்காக ஒரு செங்கல் மேடையும் கட்டியதுதான். மேடையை உடைத்து மண்ணைக் கையால் விலக்கியபோது, புதைந்திருந்த பட்டை முழுவதும் கறுத்துப் பிசுபிசுத்து, புளித்த வாடை வீசியது.

உங்கள் மரத்திலும் களைக்கொத்தால் கொத்தாமல், கையாலோ மரக்கரண்டியாலோ மண்ணை விலக்கி, முதல் பக்கவேர்கள் தண்டிலிருந்து பிரியும் இடம் கண்ணுக்குத் தெரியும்வரை திறவுங்கள். அந்த இடம் எப்போதும் காற்றுப்பட வெளியே இருக்க வேண்டும். அடித்தண்டில் தேன் நிறத்தில் பிசின் துளிகள் திரண்டு நின்றாலோ, பட்டை நீளவாக்கில் வெடித்திருந்தாலோ அது பைட்டோப்தோரா எனும் பூசணத்தைப் போன்ற நுண்ணுயிரி உண்டாக்கும் பிசின் வடிதல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் இடங்களில், குறிப்பாக வடகிழக்குப் பருவமழையின்போது, இது வேகமாகப் பரவும்.

சுத்தமான கத்தியால் கறுத்த பட்டையை மட்டும், ஓரத்தில் வெளிர்பச்சை நிறமுள்ள நல்ல பட்டை தென்படும்வரை சீவி எடுங்கள். சீவிய துண்டுகளை மண்ணில் விடாமல் பொறுக்கி எரித்துவிடுங்கள். தண்டின் சுற்றளவில் பாதிக்குமேல் பட்டை செத்திருந்தால் மரம் பிழைப்பது கடினம். முழுவட்டமும் செத்திருந்தால் எந்த மருந்தும் உதவாது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது அதே குழியில் உடனே இன்னோர் எலுமிச்சையை நட வேண்டாம்.

போர்டோ பசை தயாரித்தல்

சீவிய புண்ணுக்கு போர்டோ பசை பூச வேண்டும். பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 1880-களில் உருவான மருந்து இது. இன்றும் இதற்கு இணையான மலிவான மருந்து வீட்டுத் தோட்டக்காரருக்குக் கிடைப்பது அரிது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர் போதும். மயில்துத்தத்தைப் பொடித்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். சுண்ணாம்பை வேறொரு பிளாஸ்டிக் வாளியில் மீதி அரை லிட்டரில் கரையுங்கள். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றி, குச்சியால் கலக்கிக்கொண்டே இருங்கள். வானநீலத்தில் ஒரு குழம்பு திரளும். இரும்புப் பாத்திரம் கூடாது.

துருப்பிடிக்காத பளிச்சென்ற இரும்பு ஆணி ஒன்றைக் குழம்பில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி சோதியுங்கள். பசையைச் செய்த அன்றே, கையுறை அணிந்து, புண்ணிலும் அடித்தண்டில் இரண்டடி உயரம் வரையிலும் தூரிகையால் பூசுங்கள். மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கவாத்து

நூல் கட்டிய இடத்துக்குக் கீழே, பச்சை இருக்கும் பகுதியில் அரை அங்குலம் உள்ளே சென்று, காய்ந்த கொப்புகளை வெட்டுங்கள். பச்சை இலையுள்ள கிளைகளைத் தொடாதீர்கள். மரம் உணவு சமைப்பது அவற்றில்தான். வெட்டிய வாய்களிலும் பசையைத் தடவுங்கள்.

தண்ணீரைத் திருத்துங்கள்

வேர் அழுகும் மரமும் தாகத்தில் வாடும் மரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இலை தொங்கி நிற்கும். இதனால்தான் நாம் மேலும் மேலும் ஊற்றி மரத்தைக் கொல்கிறோம். அதோடு, இலை பாதி உதிர்ந்த மரம் முன்பு குடித்த அளவு தண்ணீரைக் குடிக்காது. நான்கு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம்.

ஊற்றும் இடமும் மாற வேண்டும். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு வட்ட வரப்பும், கிளைகளின் நிழல் முடியும் இடத்தில் இன்னொரு வட்ட வரப்பும் போட்டு, இரண்டுக்கும் நடுவில் மட்டும் தண்ணீர் கட்டுங்கள். இதை இரட்டை வட்டப் பாத்தி என்பார்கள். உறிஞ்சும் சல்லிவேர்கள் பெரும்பாலும் அந்த வெளிவட்டத்தில், மேல்மண்ணிலேயே இருப்பதால் தண்டு நனையாமலே மரம் வேண்டியதை எடுத்துக்கொள்ளும். பாத்திக்குள் காய்ந்த இலைகளால் மூன்று அங்குல மூடாக்கு இடலாம். அது தண்டைத் தொடக் கூடாது. துணி துவைத்த தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம்.

தளிர் வந்த பிறகு ஊட்டம்

இனி காத்திருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் புதுத் தளிர் விட்டால் வேர் தேறுகிறது என்று நம்பலாம். அதன்பிறகே நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு கூடையும் வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோவும் பாத்தியில் இட்டு, மண்ணோடு மேலாகக் கலந்துவிடுங்கள். யூரியாவை இந்த ஆண்டு நினைக்கவே வேண்டாம்.

புதுத் தளிர்கள் சிறுத்து, நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது துத்தநாகக் குறைபாடாக இருக்கலாம். சிமெண்ட் இடிபாடு கலந்த மண்ணிலும் உப்பான போர்வெல் தண்ணீரிலும் இது அடிக்கடி வரும். துத்தநாக சல்பேட் 5 கிராம், சுண்ணாம்பு இரண்டரை கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மாலையில் தளிர்மேல் தெளியுங்கள். தளிரில் வெள்ளிக் கோடுபோல் வளைந்து நெளிந்த தடம் தெரிந்தால் அது இலைச் சுரங்கப் புழு. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் கட்டுப்படும்.

முதல் ஆண்டு பூக்கும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், எனக்கும் வரவில்லை. ஆயினும் காய்க்குப் போகும் சத்து வேருக்கும் இலைக்கும் போகட்டும் என்று கிள்ளினேன். மறு ஆண்டு ஆடி மாதத்தில், நாங்கள் சீவிய புண்ணின் ஓரங்களிலிருந்து புதுப்பட்டை உதடுபோலத் தடித்து உள்நோக்கி வளரத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு வந்த பிஞ்சுகளை மரத்திலேயே விட்டுவிட்டோம்.